யாருடைய பக்கத்தை எடுப்பது?

வைகை அணையில் 71 அடிவரை தண்ணீர் தேக்கலாம். ஆனால் 71 வரட்டும் என்று யாரும் காத்திருப்பதில்லை. 66 அடியில் முதல் வெள்ள அபாய எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. அதற்கப்புறம் வருகிற தண்ணீர் ஆற்றில் போகும். மதுரைக்காரர்களுக்கு இந்த எண்கள் அத்துப்படி. மழைக்காலத்தில் டீக்கடையில் ஒருவர் "அறுவத்தாறு ஆயிருச்சாம்ல" என்றால், எது என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

லினக்ஸ் கெர்னலுக்குள்ளும் இப்படி மூன்று கோடுகள் உண்டு. அவற்றுக்குப் பெயரே வாட்டர்மார்க்தான். உவமைக்காக நான் ஒட்டவைத்தது இல்லை. ஹை, லோ, மின். ஒரே வித்தியாசம், அணையில் நிறைந்ததை அளக்கிறார்கள், கெர்னல் காலியாக இருப்பதை அளக்கிறது. ரேமில் காலியிடம் லோ கோட்டுக்குக் கீழே இறங்கினால் 'கேஸ்வாப்டி' என்ற பின்னணி வேலையாள் தூக்கம் கலைந்து எழுந்துகொள்ளும். இப்போதைக்கு யாருக்கும் தேவைப்படாத பக்கங்களாகப் பார்த்து வெளியேற்றும். காலியிடம் ஹை கோட்டைத் தொட்டதும் மறுபடி தூங்கப் போய்விடும். அது எடுக்கிற வேகத்தைவிட மற்றவர்கள் கேட்கிற வேகம் அதிகமாகி, மின் கோடும் தாண்டிவிட்டால் கதை வேறு. அப்போது இடம் கேட்ட புரோகிராமே தன் வேலையை நிறுத்திவிட்டு, தானே இறங்கி இடம் தேடவேண்டும். இதற்கு டைரக்ட் ரீக்ளெய்ம் என்று பெயர். நீங்கள் பிரவுசரில் இன்னொரு டேப் திறக்கப்போய், மவுஸ்கூட நகராமல் நாலைந்து விநாடி கணினி உறைந்து நிற்கிறதே, அந்த நேரத்தில் உள்ளே பெரும்பாலும் இந்தத் தேடல்தான் நடந்துகொண்டிருக்கும்.

'பக்கம்' என்பது இங்கே 4 கிலோபைட் அளவுள்ள ஒரு துண்டு. ரேம் முழுக்க இப்படித் துண்டு துண்டாகத்தான் பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது. இடம் தீர்ந்தால் ஏற்கெனவே யாரிடமோ இருக்கிற பக்கத்தை எடுத்துத்தான் இன்னொருவருக்குக் கொடுக்க முடியும். யாரிடமிருந்து? அறுபது வருடமாகக் கெர்னல் எழுதுகிறவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருப்பது இந்த ஒரு கேள்விக்காகத்தான். அந்தச் சண்டையின் முக்கியமான ஒரு சுற்று பெங்களூரில் நடந்தது.

*

தொடக்கம் மான்செஸ்டர். 1962 டிசம்பரில் அங்கே பல்கலைக்கழகமும் ஃபெரான்டி நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய அட்லஸ் கணினி திறந்துவைக்கப்பட்டது. வேகமான உள் நினைவகம் 16,000 சொற்கள் சுமார். அதற்குப் பின்னால் மெதுவாகச் சுழலும் காந்த உருளையில் 96,000 சொற்கள் சுமார். அதுவரை எது உள்ளே, எது உருளையில் என்பதைப் புரோகிராம் எழுதுகிறவரே திட்டம் போட்டுச் செய்யவேண்டும். டாம் கில்பர்னின் குழு அந்தச் சுமையை இயந்திரத்திடம் ஒப்படைத்தது. எழுதுகிறவருக்கு ஒரே பெரிய நினைவகம் இருப்பதாகத் தோன்றும். பின்னால் பக்கங்கள் போய்வந்துகொண்டிருக்கும்.

எந்தப் பக்கத்தை வெளியே அனுப்புவது என்று தீர்மானிக்க அட்லஸில் ஒரு சின்னப் புரோகிராம் இருந்தது. அது ஒவ்வொரு பக்கமும் எவ்வளவு நேரமாகத் தொடப்படாமல் கிடக்கிறது என்று பார்க்கும். அதோடு, போன தடவை எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தது என்பதையும் நினைவில் வைத்திருக்கும். போன முறையைவிட அதிக நேரம் சும்மா கிடந்தால், இதன் வேலை முடிந்திருக்கும் என்று ஊகிக்கும். 1962இல் இது! அதற்குப் பிறகு வந்த எத்தனையோ முறைகள் இதைவிட முரட்டுத்தனமானவை.

1966இல் ஐபிஎம்மின் லாஸ்லோ பெலாடி ஆகச் சிறந்த விடையையே சொல்லிவிட்டார். எந்தப் பக்கம் இனி ரொம்ப நாள் கழித்துத்தான் தேவைப்படுமோ அதை எடு. சரிதான், ஆனால் அதற்கு எதிர்காலம் தெரிய வேண்டும். ஆகவே அது பரீட்சைத் தாளில் மட்டுமே ஓடுகிற அல்காரிதமாக நின்றுவிட்டது. பொறியியல் படித்த எல்லோரும் அந்தக் கட்டங்களைப் போட்டு மார்க் வாங்கியிருப்போம். எஃப்ஐஎஃப்ஓ, எல்ஆர்யு, ஆப்டிமல் என்று மூன்று வரிசை, கீழே எத்தனை தடவை பக்கம் கிடைக்காமல் போனது என்று ஒரு கூட்டல். வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, அந்தக் கணக்கில் எப்போதும் ஒரே ஒரு புரோகிராம்தான் ஓடுகிறது. தன் பக்கத்தைத் தானே எடுத்துக்கொள்கிறது. நிஜத்தில் சிக்கலே அடுத்தவன் பக்கத்தை எடுக்கும்போதுதான்.

அந்தச் சிக்கலுக்கு 1968இல் பெயர் வைத்தவர் பீட்டர் டென்னிங். கல்யாண மண்டபத்துப் பந்தியை யோசித்துப் பாருங்கள். நூறு இலைதான் போட முடியும், நானூறு பேர் காத்திருக்கிறார்கள். பாதி சாப்பாட்டில் ஒருவரை எழுப்பி, இலையை எடுத்து, இன்னொருவரை உட்காரவைக்கிறார்கள். எழுந்தவர் சாம்பாரோடு நிறுத்தியவர், ரசம் வேண்டும் என்று உடனே திரும்ப வந்து நிற்கிறார். அவருக்காக மூன்றாமவரை எழுப்புகிறார்கள். பரிமாறுகிறவர்கள் வியர்க்க வியர்க்க ஓடுகிறார்கள். இலை எடுப்பதும் போடுவதுமாகவே பொழுது போகிறது, ஒருவர் வயிறும் நிறையவில்லை. இதைத்தான் டென்னிங் த்ராஷிங் என்றார். ஒரு வேலை ஒழுங்காக நடக்க அதற்கு ஒரே சமயத்தில் உள்ளே இருக்கவேண்டிய பக்கங்களின் தொகுப்பை 'வொர்க்கிங் செட்' என்றார். அது முழுசாக உள்ளே இருக்க இடமில்லை என்றால் அந்த வேலையைத் தொடங்கவே விடாதே என்பது அவர் வாதம். அதாவது, நானூறு பேரையும் ஒரே நேரத்தில் பந்திக்குள் விடாதே.

அன்றைக்கு அதைக் கேட்டவர்கள் குறைவு. முழுசாகக் கேட்க இன்னும் நாற்பது வருடம் ஆனது.

*

யூனிக்ஸின் முதல் வடிவங்கள் பக்கம் பக்கமாகப் பார்க்கவில்லை. இடம் இல்லையா, ஒரு புரோகிராமை அப்படியே மொத்தமாகத் தூக்கி வட்டில் வை. ஸ்வாப் என்ற சொல்லுக்கு அப்போது அதுதான் அர்த்தம். 1979இல் பெர்க்லியில் ஓசல்ப் பாபாவ்லுவும் பில் ஜாயும் வாக்ஸ் இயந்திரத்துக்கு பக்கமுறையைக் கொண்டுவந்தபோது ஒரு வேடிக்கையான இடைஞ்சல். எந்தப் பக்கம் சமீபத்தில் தொடப்பட்டது என்று குறித்துவைக்கும் வசதி அந்த வன்பொருளில் இல்லை. அவர்கள் செய்தது என்னவென்றால், பக்கம் உள்ளே இருக்கும்போதே 'இல்லை' என்று பொய்யாகக் குறித்துவிட்டுக் காத்திருந்தார்கள். யாராவது தொட்டால் கெர்னலுக்குப் புகார் வரும். வந்தால் இது தேவைப்படுகிற பக்கம், வராவிட்டால் எடுத்துக்கொள்ளலாம். நம் ஊரில் வாடகை வீட்டுக்காரர் ஊரில் இருக்கிறாரா என்று பார்க்க மோட்டாரை நிறுத்திவைக்கிற அதே தந்திரம்.

லினக்ஸுக்கு ஸ்வாப் வந்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸின் கணினியில் 4 மெகாபைட் ரேம் இருந்தது. அதற்குமேல் அவருக்குத் தேவைப்படவில்லை. ஜெர்மனியில் இருந்த ஒருவரிடம் 2 மெகாபைட்தான். கெர்னலைக் கம்பைல் செய்ய அவரால் முடியவில்லை. அந்தக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் உட்கார்ந்து, பக்கங்களை வட்டுக்கு அனுப்பும் வசதியை லினஸ் எழுதினார். அதாவது லினக்ஸில் ஸ்வாப் என்பதே, தன்னைவிடப் பாதி வசதி உள்ள ஒருத்தருக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

இனி ஒரு விஷயத்தைப் பிரித்துச் சொல்லவேண்டும். ரேமில் இருக்கும் பக்கங்கள் இரண்டு ஜாதி. ஒன்று, கோப்பிலிருந்து வந்தது: புரோகிராமின் குறிநிரல், திறந்துவைத்த ஆவணம், லைப்ரரிகள். நூலகத்திலிருந்து எடுத்துவந்த புத்தகம் மாதிரி. மாற்றாமல் வைத்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம், வேண்டும்போது மறுபடி எடுக்கலாம். இன்னொன்று, புரோகிராம் ஓடும்போது தானே உண்டாக்கியது. இது நம் கையால் எழுதிய நோட்டு. வேறு எங்கும் பிரதி கிடையாது. இதை வெளியே வைக்க வேண்டுமானால் அதற்கென்று ஓர் இடம் வேண்டும். அந்த இடம்தான் ஸ்வாப்.

2.6 கெர்னலோடு பிரபலமான 'ஸ்வாப்பினெஸ்' என்ற எண், இந்த இரண்டு வகைக்கும் நடுவில் வைக்கப்பட்ட தராசு முள். இயல்பாக 60. இதைப் பற்றி உலவும் தவறான விளக்கம் ஒன்று உண்டு, நேர்காணல்களில்கூடக் கேட்டிருக்கிறேன்: ரேமில் 60 சதவீதம் மிச்சம் இருக்கும்போதே ஸ்வாப் தொடங்கிவிடும் என்று. அப்படி இல்லவே இல்லை. இடம் எடுத்தே ஆகவேண்டும் என்று வந்த பிறகு, நூலகப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுப்பதா நோட்டை வெளியே வைப்பதா என்பதற்கான ஒப்பீட்டுச் செலவுதான் அது. கெர்னலின் முக்கியப் பராமரிப்பாளர்களில் ஒருவரான ஆண்ட்ரூ மார்ட்டன் தன் கணினியில் 100 வைத்திருப்பதாகச் சொன்னார். மேசைக் கணினி வைத்திருந்தவர்கள் கொதித்துப்போனார்கள். ராத்திரி ஏதோ பேக்கப் ஓடி, காலையில் வந்து பிரவுசரைத் தொட்டால் அது வட்டிலிருந்து தவழ்ந்து வருகிறது என்பது அவர்கள் புகார். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. ஒரே எண்ணை வைத்து இருவரையும் திருப்திப்படுத்த முடியாது என்பதுதான் பிரச்சினை.

அதற்கு முன்பே 2001இல் பெரிய ரகளை ஒன்று நடந்திருந்தது. நிலையான வரிசை என்று அறிவிக்கப்பட்ட 2.4இன் நட்டநடுவில், 2.4.10 பதிப்பில், ரிக் வான் ரீல் எழுதிய நினைவக மேலாண்மையை எடுத்துவிட்டு ஆண்ட்ரியா ஆர்காஞ்செலி எழுதியதை லினஸ் சேர்த்தார். ஆலன் காக்ஸ் தன் கிளையில் கொஞ்ச காலம் பழையதையே வைத்திருந்தார். கொஞ்ச நாள் லினக்ஸ் உலகத்தில் இரண்டு நினைவகக் கட்சிகள் இருந்தன.

எடுக்க ஒன்றுமே இல்லை என்றால்? அப்போது ஓஓஎம் கில்லர் வரும். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களுக்கு மதிப்பெண் போட்டு, அதிகம் பெற்றதைக் கொன்றுவிடும். ஆன்ட்ரீஸ் பிரவுவர் 2004இல் இதைக் கிண்டல் செய்து ஒரு கதை எழுதினார். எரிபொருளைக் குறைத்து விமானம் ஓட்டினால் செலவு மிச்சம் என்று ஒரு கம்பெனி கண்டுபிடிக்கிறது. எப்போதாவது எரிபொருள் தீரும்போது ஒரு பயணியைத் தேர்ந்தெடுத்து வெளியே தள்ளிவிடுகிறார்கள். யாரைத் தள்ளுவது என்பதற்கு நுட்பமான கோட்பாடுகள் உருவாகின்றன. கெர்னல்காரர்கள் சிரித்தார்கள். பிறகு அந்தக் கோட்பாடுகளை இன்னும் நுட்பமாக்கப் போனார்கள்.

*

இதுவரை சொன்ன எல்லாவற்றிலும் ஒரு பொதுத்தன்மை இருக்கிறது. எடுக்கும்போது கெர்னல் பார்த்தது பக்கத்தை, ஆளைப் பார்க்கவில்லை. எந்தப் பக்கம் ரொம்ப நேரமாகத் தொடப்படவில்லை என்பது மட்டும்தான் கேள்வி. இதில் ஒரு அநியாயம் ஒளிந்திருக்கிறது. சத்தம் போட்டு எல்லாப் பக்கத்தையும் தொட்டுக்கொண்டே இருப்பவன் பிழைத்துக்கொள்வான். அமைதியாக, தேவையானபோது மட்டும் எழுந்து வேலை செய்கிறவன் இடத்தை இழப்பான். ஒரே சர்வரில் பலருடைய வேலைகள் ஓடத் தொடங்கிய காலத்தில் இது கோபமூட்டும் விஷயமாக மாறியது.

ஐபிஎம் ஆட்கள் 2003, 2004 வாக்கில் சிகேஆர்எம் என்ற பெயரில் ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். வேலைகளை வகுப்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று பங்கு வைப்பது. அது ரொம்பச் சிக்கல் என்று ஏற்கப்படவில்லை. ஓப்பன்விஇசட் குழுவினர் பீன்கவுண்டர் என்று ஒன்றை முன்வைத்தார்கள். கூகுளின் பால் மெனாஜ் பொதுவான சட்டகம் ஒன்றைச் செய்தார். அதுதான் 2008 ஜனவரியில் 2.6.24இல் வந்த சிகுரூப். அந்தச் சட்டகத்துக்குள் நினைவகத்துக்கான கட்டுப்பாட்டைச் செய்தவர் ஐபிஎம்மின் பெங்களூர் லினக்ஸ் மையத்தில் இருந்த பல்பீர் சிங். 2007இல் ஒட்டாவா லினக்ஸ் மாநாட்டில் அவரும் வைத்தியநாதன் ஸ்ரீனிவாசனும் சேர்ந்து, இதில் என்னென்ன சிக்கல் என்று ஒரு கட்டுரை வாசித்தார்கள். 2008 ஏப்ரலில், 2.6.25இல், மெமரி கன்ட்ரோலர் கெர்னலுக்குள் போனது. இன்றைக்கு நீங்கள் டாக்கரில் ஒரு கன்டெய்னருக்கு 512 மெகாபைட் என்று வரம்பு போடுகிறீர்களே, அந்த வரம்பின் வேர் அங்கேதான் இருக்கிறது. பெங்களூர் ஐடி என்றாலே யாரோ எழுதியதைப் பராமரிப்பது என்று பேசுகிற வழக்கம் நம்மிடம் உண்டு. அவர்களுக்கு இந்த உதாரணத்தைக் காட்டலாம்.

அந்த வேலையில் எனக்கு சுவாரஸ்யமாகப் பட்டது, பொதுச் சொத்தை யார் கணக்கில் எழுதுவது என்ற கேள்வி. சி லைப்ரரியின் ஒரு பக்கத்தை நாற்பது புரோகிராம்கள் பயன்படுத்துகின்றன. அது யார் பங்கில் கழியும்? நாற்பதாகப் பிரிப்பதுதான் நியாயம், ஆனால் யாராவது ஒருவர் வரும்போதும் போகும்போதும் எல்லார் கணக்கையும் திருத்தவேண்டும். கட்டுப்படியாகாது. ஆகவே, யார் முதலில் தொட்டாரோ அவர் தலையில் எழுது என்று முடிவானது. முதலில் கதவைத் திறந்தவனுக்கே கரண்ட் பில். கேட்டால் அநியாயமாக இருக்கும். ஆனால் நெருக்கடி வரும்போது அந்தப் பக்கம் அவன் கணக்கிலிருந்து எடுக்கப்படும். அப்புறம் யார் உடனே தேடி வருகிறாரோ, அவர் கணக்கில் ஏறும். ஆக, நிஜமாகப் பயன்படுத்துகிறவர் தலையில் போய் விழ அதற்குக் கொஞ்சம் பஞ்ச காலம் தேவைப்படுகிறது. இந்தக் கணக்கை எழுதவே ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு சீட்டு வைக்கவேண்டியிருந்தது; நினைவகத்தைப் பங்கிட நினைவகம் செலவாயிற்று. அந்தத் தனிச் சீட்டை ஒழிக்க யோஹன்னஸ் வைனருக்குப் பல வருடம் பிடித்தது.

அடுத்து ஸ்வாப். முதல் வடிவத்தில் ரேமுக்கு மட்டும்தான் வரம்பு. இதில் ஒரு ஓட்டை. 4 ஜிபி ஸ்வாப் உள்ள கணினியில், 2 ஜிபி வரம்புக்குள் இருக்கும் ஒரு புரோகிராம் தவறுதலாக 6 ஜிபி கேட்டால் என்ன ஆகும்? 2 ஜிபி ரேமில் நிற்கும், மிச்சம் 4 ஜிபி ஸ்வாப்பில் போய் உட்காரும். அதாவது அவன் ஒருத்தனே மொத்த ஸ்வாப்பையும் தின்றுவிட்டான். வரம்பை மீறவே இல்லை. ஃபுஜிட்சுவின் காமேசாவா ஹிரோயுகியும் என்இசியின் நிஷிமுரா டைசுகேயும் இதைச் சரிசெய்தார்கள், 2009இல் 2.6.29இல் ரேமும் ஸ்வாப்பும் சேர்ந்த கூட்டு வரம்பு வந்தது. இந்தக் கணக்குக்கும் கொஞ்சம் ரேம் செலவு. அதனால் டெபியன், உபுண்டு போன்றவை அதை அணைத்தே வைத்திருந்தன. டாக்கர் நிறுவியவுடன், ஸ்வாப் வரம்புக்கு ஆதரவு இல்லை என்று ஓர் எச்சரிக்கை வரும். ஒரு தலைமுறை இன்ஜினியர்களே அதைப் பார்த்தும் பார்க்காமல் கடந்துபோனார்கள்.

*

மேலூர்ப் பக்கம் என் சித்தப்பாவுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. மெமரி கன்ட்ரோலர் பற்றி அவரிடம் விளக்கப்போய் நான் கற்றுக்கொண்டதுதான் அதிகம். "தண்ணி இருக்கா இல்லையாங்குறது ரெண்டாவது கேள்விடா. யாருக்கு மொதல்லன்னு எழுதி வச்சிருக்காய்ங்கள்ல, அதப் பாரு" என்றார்.

எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். 1895இல் முல்லைப் பெரியாறு அணை திறந்ததிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலையைக் குடைந்து வரும் தண்ணீரும் வைகையும் சேர்ந்து இந்தச் சமவெளிக்குப் பாய்கின்றன. பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் இருபோகம். அதற்குக் கீழே மேலூர்ப் பகுதியில் 85,563 ஏக்கரும், திருமங்கலம் கால்வாயில் 19,439 ஏக்கரும் ஒருபோகம். இருபோகத்துக்கு வழக்கமாக 120 நாள் தண்ணீர் என்றால் முதல் 45 நாள் முழுசாகவும், பிந்திய 75 நாள் முறை வைத்தும் விடுவார்கள். உசிலம்பட்டிப் பக்கம் 58 கிராமக் கால்வாய் இருக்கிறது. அணையில் தண்ணீர் 67 அடியைத் தாண்டினால்தான் அதில் ஏறும். முதல் எச்சரிக்கை ஒலித்த பிறகுதான் அந்தக் கிராமங்களுக்கு நம்பிக்கை தொடங்குகிறது.

சிகுரூப்பின் இரண்டாம் வடிவம் 2016இல் 4.5 கெர்னலோடு அதிகாரப்பூர்வமாக வந்தபோது நடந்த மாற்றத்தைப் புரிந்துகொள்ள எனக்கு இந்தப் பட்டியல்தான் உதவியது. முதல் வடிவத்தில் இருந்ததெல்லாம் உச்சவரம்பு: நீ இதற்குமேல் எடுக்காதே. இரண்டாம் வடிவம் கீழேயிருந்து பாதுகாப்புக் கொடுத்தது: இவனிடம் இவ்வளவு இருக்கும்வரை இவன் மேல் கை வைக்காதே. 'மெமரி லோ' என்பது முடிந்தவரை காப்பாற்று என்ற சொல். 2018இல் வந்த 'மெமரி மின்' எந்த நிலையிலும் தொடாதே என்ற சொல். எவருக்கும் எந்தப் பாதுகாப்பும் எழுதப்படாவிட்டால், எல்லோரும் 58 கிராமக் கால்வாய்தான்.

ஸ்வாப் கணக்கும் அதே சமயம் தனியாகப் பிரிக்கப்பட்டது. ரேமையும் ஸ்வாப்பையும் கூட்டி வைத்ததற்கு ஒரு காரணம் சொல்லப்பட்டிருந்தது: நெருக்கடியில் மேலிருப்பவர் யாருடைய பக்கங்களையும் ஸ்வாப்புக்குத் தள்ளிக்கொள்ளலாம், கூட்டுத்தொகை மாறாது. புதிய வடிவத்தை எழுதியவர்கள் அதை மறுத்தார்கள். கெட்ட எண்ணம் உள்ளவன் தன் பக்கங்களை ஓயாமல் தொட்டுக்கொண்டே இருந்தால் அவனைத் தள்ளவே முடியாது, ஆகவே அந்த நம்பிக்கையில் கணக்குப் போடாதே. ஸ்வாப்பும் ரேம் போல ஒரு தனி வளம், அதற்குத் தனியாக அளந்து கொடு என்றார்கள். எனக்கு இது சரியென்றே படுகிறது. அணைத் தண்ணீரையும் கண்மாய்த் தண்ணீரையும் கூட்டி ஒரே எண்ணாகச் சொன்னால் வயலில் நிற்பவனுக்கு அது எதையும் சொல்லாது.

இந்த ஒப்புமை ஓர் இடத்தில் முறிகிறது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. வெளியே போன பக்கம் தாமதமாகவேனும் அப்படியே திரும்பி வரும். முறை தவறிக் கருகிய நெல்லை எந்த வட்டிலிருந்தும் திரும்பக் கொண்டுவர முடியாது. சித்தப்பாவிடம் த்ராஷிங்கை விளக்கியபோது அவர் சிரித்ததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். தாமதம் ஒரு பிரச்சினை என்பதையே அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

*

மேகக் கணிமைத் தலைமுறை ஸ்வாப்பை வெறுத்தது. குபர்னெட்டிஸ் பல வருடம், ஸ்வாப் இயங்கும் கணினியில் தொடங்கவே மறுத்தது. 2021இல்தான், 1.22 பதிப்பில், சோதனை அளவில் ஸ்வாப்புக்கு இடம் கொடுத்தார்கள். நிறுவல் குறிப்புகளின் முதல் வரி 'ஸ்வாப்பை அணை' என்றே இருக்கும். நாமும் அணைத்தோம். அணைத்தால் வேகம் என்று நம்பினோம். அது முழு உண்மை இல்லை. ஸ்வாப் இல்லையென்றால் கையெழுத்து நோட்டுகளை நகர்த்தவே முடியாது. மாதக்கணக்கில் யாரும் புரட்டாத நோட்டாக இருந்தாலும் மேசையில்தான் இருக்கும். எடுக்கக்கூடியது நூலகப் புத்தகங்கள் மட்டும். அவற்றில் ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமின் குறிநிரலும் அடக்கம். ஒரு வரியை இயக்க வட்டுக்குப் போகவேண்டும், அடுத்த வரிக்கு மறுபடி. ஸ்வாப்பே இல்லாமல் த்ராஷிங். ஃபேஸ்புக்கில் கெர்னல் வேலை பார்த்த கிறிஸ் டவுன் 2018இல் இதைப் பொறுமையாக எழுதி விளக்கினார். அதே வருடக் கடைசியில் 4.20இல் பிஎஸ்ஐ என்ற அளவீடும் வந்தது. எவ்வளவு காலி என்று கேட்பதை விட்டுவிட்டு, நினைவகத்துக்காகக் காத்திருந்தே எவ்வளவு நேரம் வீணாகிறது என்று கேட்பது. எத்தனை இலை போட்டிருக்கிறது என்று எண்ணாமல், பசியோடு எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று பார்ப்பது. டென்னிங் 1968இல் கேட்டதற்கு ஒருவழியாக ஓர் அளவுகோல் கிடைத்தது.

சர்வர்களுக்கு வெளியே கதை வேறு திசையில் போனது. 2011இல் தமிழக அரசு பிளஸ் டூ, கல்லூரி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது அதில் 2 ஜிபி ரேம். விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக்கில் டெபியனை வைத்து உருவாக்கியது. மதுரையைச் சுற்றியுள்ள எத்தனையோ வீடுகளுக்கு அதுதான் முதல் கணினி. அதற்குப் பிறகு பிரவுசர் வருடா வருடம் பெருத்துக்கொண்டே போனது. ரேம் அப்படியே இருந்தது. வட்டு சுழலும் வட்டு. ஸ்வாப் அதில் ஓடினால் மடிக்கணினிக்குள் கரகரவென்று ஒரு சத்தம் வரும், அந்தக் காலத்து மாணவர்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

இந்த மாதிரி இயந்திரங்களுக்கு விடை தேடியவரும் ஓர் இந்தியர்தான். நிதின் குப்தா, கம்ப்கேஷ் என்ற பெயரில் ஒரு யோசனையைச் செய்துபார்த்தார். ஸ்வாப் வட்டில்தான் இருக்கவேண்டுமா? ரேமிலேயே ஒரு பகுதியை ஒதுக்கி, வெளியேறும் பக்கங்களைச் சுருக்கி அங்கேயே வைத்தால் என்ன? துணியை மடித்து அதே பீரோவின் கீழ்த்தட்டில் அழுத்தி வைப்பது. திரும்ப எடுக்கச் சுருக்கத்தை விரிக்கவேண்டும், அதற்குப் பிராசசர் கொஞ்சம் உழைக்கவேண்டும். ஆனாலும் சுழலும் வட்டுக்குப் போய்வருவதைவிடப் பல மடங்கு வேகம். அது இசட்ரேம் ஆனது. 2013இல் ஆண்ட்ராய்டு கிட்கேட் 512 மெகாபைட் ஃபோன்களை மனதில் வைத்து அதை எடுத்துக்கொண்டது. 2014இல் 3.14 கெர்னலில் அதற்கு நிரந்தர இடமும் கிடைத்தது. இப்போது நீங்கள் கையில் வைத்திருக்கும் ஆண்ட்ராய்டு ஃபோனில் ஸ்வாப் என்று ஒன்று இருந்தால், பெரும்பாலும் அது இதுதான்.

2020இல் பள்ளிகள் மூடியபோது மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கமெல்லாம் பல பிள்ளைகள் அப்பாவின் 2 ஜிபி ஃபோனில் வகுப்புக்கு உட்கார்ந்தார்கள். ஆசிரியர் வீட்டுப்பாடத்தின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவார். பிள்ளை வகுப்புச் செயலியை விட்டு வாட்ஸ்அப்புக்குப் போகும், படத்தைத் திறக்கும். அதற்கு இடம் வேண்டும். முதலில் இசட்ரேமுக்குள் சுருக்கி அடுக்கப்படும், அது நிறையும். காத்திருப்பு நேரம் ஏறுவதை ஆண்ட்ராய்டின் எல்எம்கேடி என்ற காவலாளி கவனிக்கும். புதிய பதிப்புகளில் அது அந்த பிஎஸ்ஐ அளவையே பார்க்கிறது. பழைய ஃபோன்களில் காலியிடத்தைப் பார்க்கும். பிறகு அது பட்டியலைக் கையில் எடுக்கும். திரையில் தெரிகிற செயலிக்கு ஆகக் கூடுதல் பாதுகாப்பு, பின்னால் போய்விட்டதற்குக் குறைவு. இந்த விதி பொதுவாக நியாயமானது, நான் எழுதினாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். திரையில் இருப்பது வாட்ஸ்அப். பின்னால் போனது வகுப்பு. படத்தைப் பார்த்துவிட்டுப் பிள்ளை திரும்பி வரும்போது வகுப்புச் செயலி முதலிலிருந்து திறக்கும். கடவுச்சொல் கேட்கும், உள்ளே விடக் காத்திருக்கச் சொல்லும். ஆசிரியர் அதற்குள் அடுத்த கணக்குக்குப் போயிருப்பார்.